ஆசிரியர் அறையில் ஒரு பெருமூச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. செகாவ் 1898-ல் எழுதிய அந்த உறைக்குள் வாழும் வாத்தியார் கதையைப் படித்துவிட்டு, "எங்க ஸ்டாஃப் ரூம்லயும் ஒரு பெலிகோவ் இருக்கார் மாமா, அவரை என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறாய். அவரை ஒன்றும் பண்ண வேண்டாம். கதையை இன்னொரு தடவை படி.

முதல் வாசிப்பில் எல்லோர் கண்ணிலும் பெலிகோவ்தான் படுவான். வெயிலடிக்கிற நாளிலும் மழைக்கான ரப்பர் காலணி, பஞ்சு வைத்த கோட்டு, கையில் குடை. குடைக்கு ஓர் உறை, கடிகாரத்துக்கு ஓர் உறை, பேனாக்கத்திக்குக்கூட ஓர் உறை. காதில் பஞ்சு. ராத்திரி தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திருடன் வந்துவிடுவானோ, சமையல்காரன் அஃபனாசி கொன்றுவிடுவானோ என்று நடுங்குகிறவன். கிரேக்கம் சொல்லித்தருகிற சாதாரண வாத்தியார். தலைமையாசிரியர்கூட இல்லை. அந்த நோஞ்சானுக்குப் பதினைந்து வருஷம் பள்ளிக்கூடம் அடங்கிக் கிடந்தது. ஊரும் சேர்ந்து அடங்கியது. சனிக்கிழமை வீட்டில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதை விட்டார்கள். பாதிரிமார்கள் அவன் எதிரில் சீட்டைத் தொடப் பயந்தார்கள்.

எப்படி? அவன் யாரையும் மிரட்டவில்லை. சக ஆசிரியர் வீட்டுக்குப் போவான்; உட்காருவான்; எதையோ தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பான்; மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு எழுந்து போவான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் நல்லுறவு. ஆசிரியர் கூட்டத்தில் பெருமூச்சு விடுவான். பையன்கள் சத்தம் போடுகிறார்கள், மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும், இரண்டாம் வகுப்பு பெத்ரோவையும் நான்காம் வகுப்பு யெகோரோவையும் அனுப்பிவிட்டால் நல்லதாயிற்றே என்று முனகுவான். அந்த முனகலைத் தாங்க முடியாமல் மற்றவர்கள் முதலில் நடத்தை மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், பிறகு அடைத்து வைத்தார்கள், கடைசியில் இரண்டு பேரையும் பள்ளியை விட்டே அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் துர்கேனிவ், ஷெத்ரின் போன்ற எழுத்தாளர்களைப் படித்து வளர்ந்தவர்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று படி. பயம் அங்கே கைகால் உதறலாக வரவில்லை. பள்ளியின் நன்மை என்ற பெயரில், தீர்மானமாக வந்தது.

பெலிகோவின் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் நினைத்துவிடாதே. 1887-ல் ரஷ்யக் கல்வி அமைச்சர் தெல்யானோவ் ஒரு சுற்றறிக்கை விட்டார்: வண்டிக்காரர், சமையல்காரர், சலவைக்காரர், சில்லறைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. செகாவே தாகன்ரோக் ஊரில் மளிகைக் கடைக்காரர் மகன். இருபது வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் அவர் படித்த பள்ளியின் கதவு அவருக்கே திறந்திருக்குமோ என்னவோ. அப்படிப்பட்ட காலத்தில், எதையாவது தடை செய்கிற சுற்றறிக்கை மட்டும்தான் பெலிகோவுக்குத் தெளிவாகப் புரிந்தது. அனுமதி என்றால் அவனுக்குச் சந்தேகம்.

சக வாத்தியார் கோவலென்கோ அவனைப் படிக்கட்டில் தள்ளிவிடுகிற இடம் உனக்குப் பிடித்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கும் பிடிக்கும், ஆனால் நம்பிக்கை கிடையாது. பெலிகோவ் உருண்டான், கோவலென்கோவின் சகோதரி வாரென்கா சிரித்தாள், ஒரு மாதத்தில் அவன் செத்தும் போனான். அடக்கத்தன்று மழை, வந்தவர்கள் எல்லோரும் ரப்பர் காலணியும் குடையுமாக நிற்கிறார்கள். செகாவின் குறும்பு அது, கவனித்தாயா? ஒரு வாரத்தில் ஊர் பழையபடி ஆகிவிடுகிறது.

நீ பார்க்க வேண்டிய ஆள் பூர்கின், கதையைச் சொல்கிறவர். அவரும் அந்தப் பள்ளி வாத்தியார்தான். பெலிகோவின் கோமாளித்தனத்தை ரசித்து ரசித்துச் சொல்கிறார். பெத்ரோவையும் யெகோரோவையும் அனுப்பிய விஷயம் வரும்போது மட்டும் 'நாங்கள்' என்று பொதுவாக முடித்துக்கொள்கிறார். கேட்டுக்கொண்டிருந்த மாட்டு டாக்டர் இவான் இவானிச், நாம் வாழ்வதும் ஓர் உறைக்குள்தானே என்று ஆரம்பித்ததும், அது வேறு விஷயம், தூங்கலாம் என்கிறார். பத்து நிமிஷத்தில் தூங்கியும் விடுகிறார். பெலிகோவுக்காவது தூக்கம் வரவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் பூர்கின் ஜாதி.

இனி உன் விஷயம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டி.சி. கொடுத்துவிடலாமென்று அந்தப் பெரியவர் கூட்டத்துக்குக் கூட்டம் பெருமூச்சு விடுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள் என்கிறாய். உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உன் பயம் நியாயமானது. அதை வீரம் பேசி மறைக்காதே. யாரையும் படிக்கட்டில் தள்ளவும் வேண்டாம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் 16-வது பிரிவை எடுத்துப் பார். எட்டாம் வகுப்பு முடிக்கிறவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய், "சார், இதுக்கு நாம என்ன பதில் எழுதறது?" என்று தணிந்த குரலில் கேள். விதிக்குப் பயந்தவரை விதியைக் காட்டித்தான் நிறுத்த முடியும். அதற்கு முன்னால் தீர்மான நோட்டு உன்னிடம் வந்தால், படிக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள். மற்றவர்கள் கையெழுத்துக்குக் கீழே அவசரமாக உன்னுடையதைப் போட்டுவிடாதே.

கூட்டம் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுது. இவான் இவானிச் அன்று சொல்ல வந்த கதை செகாவின் 'நெல்லிக்காய்' கதையில் வருகிறது. ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
மாமா