தேவாரத்தில் எத்தனை எழுத்து?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் சரங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீளத்தைக் காட்டும் ‘லென்’ செயற்கூறில் நம் ஊர்ப் பெயரான ‘தேவாரம்’ என்பதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பைத்தான் 7 என்று காட்டியது.

“டீச்சர், தே, வா, ர, ம். நாலு எழுத்துதானே? கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது” என்றாள் ஒரு மாணவி. ஏலத்தோட்ட வேலைக்கு விடியும் முன்பே ஜீப் ஏறும் தாயின் மகள். வகுப்பில் அதிகம் பேசாதவள். “இதெல்லாம் தேர்வுக்கு வராதும்மா” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் இரண்டு வாரம் அவள் எதுவும் கேட்கவில்லை.

விடையைத் தேடியபோதுதான் ‘பைகான்’ மாநாடுகளைப் பற்றி அறிந்தேன். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழி, அதைப் பயன்படுத்துவோர் கேட்ட கேள்விகளாலும் செய்த திருத்தங்களாலும் வளர்ந்தது. அவர்கள் கூடும் மாநாடுதான் பைகான். இந்தியாவில் முதலில் 2009இல் பெங்களூருவில் நடந்தது. 2019 அக்டோபரில் சென்னைக்கு வந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் இம்மாநாட்டில், ஐந்தே நிமிடம் பேசும் ‘மின்னல் உரை’ என்றொரு பகுதி உண்டு.

விடையும் கிடைத்தது. தமிழில் எழுத்துகள் 247. ஒருங்குறி அவை ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லை. ‘தே’ என்பது த, ஏகாரக் குறி என இரண்டாகவும், ‘ம்’ என்பது ம, புள்ளி என இரண்டாகவும் சேமிக்கப்படுகிறது. பைத்தான் எண்ணுவது இவற்றைத்தான். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க, ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பைத் தன்னார்வலர்கள் பைத்தானிலேயே உருவாக்கியுள்ளனர். என் மாணவி கேட்டது அவர்கள் முன் நின்ற அதே கேள்வி!

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொன்னேன். பிறகு ஒரு வகுப்பறை மாநாடு நடத்தினோம்.

1. கணினி காட்டிய வியப்பான விடை ஒன்றை ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தர வேண்டும்.
2. பேச வேண்டிய ஐந்து தலைப்புகளை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. ஒருவருக்கு ஐந்து நிமிடம். நிரலை இயக்கிக் காட்ட வேண்டும்.
4. உரை முடிந்ததும் கேள்வி நேரம். ஆசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும்.

முதல் உரை அவளுடையது. துணைக்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணும் நிரலை எழுதியிருந்தாள். ‘தேவாரம்’ 4 ஆனது. ‘ஏலக்காய்’ 8இலிருந்து 5 ஆனது. கைதட்டல் அடங்குமுன் ஒரு மாணவன் எழுந்தான்: “லக்ஷ்மியில் வரும் க்ஷ ஒரு எழுத்தா, ரெண்டா?”

அவள் சற்று யோசித்தாள். “தெரியலை. பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்.”

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். உங்கள் வகுப்பிலும் மாதம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். கணினி இல்லாத தொடக்கப் பள்ளியிலும், பெயர்களின் எழுத்துகளைக் கரும்பலகையில் பிரித்து எண்ணியே தொடங்கலாம்.