விதைக்கு உயிர் இருக்கிறதா?

இடம்பெயர்ந்த வேளையில் வீட்டுச் சாமான்களைக் கைவிட்டு, விதைநெல் மூட்டையை மட்டும் தலையிற் சுமந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வழியில் மழையில் நனைந்து, பின் வெயிலிற் காய்ந்து, மாதக்கணக்காகக் கொட்டிலின் மூலையிற் கிடந்த அந்த நெல்லை இனி விதைக்கலாமா? உயிர் போன நெல்லை விதைத்தால் உழவுக்கூலியும் ஒரு போகமும் வீண். உயிருள்ள நெல்லைக் குற்றி உண்டுவிட்டால் விதைக்குக் கடன்பட வேண்டும். ஆகவே, "உயிர் என்றால் என்ன?" என்ற கேள்வி பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

உயிருள்ளவற்றின் இயல்புகள்

போசணை, சுவாசம், வளர்ச்சி, அசைவு, உறுத்துணர்ச்சி, கழிவகற்றல், இனப்பெருக்கம் என ஏழு இயல்புகளை உயிரியல் நூல்கள் கூறும். ஆட்டுக்குட்டியிடம் இவற்றை எளிதிற் காணலாம். புளியமரம் நடப்பதில்லை, ஆனால் மாலையில் அதன் இலைகள் கூம்புகின்றன. அதுவும் அசைவே.

ஓரிரு இயல்புகளை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. நெருப்புப் பரவுகிறது, ஒட்சிசனை எடுக்கிறது, சாம்பலை விடுகிறது. ஆயினும் அது உயிரன்று. உயிரினங்கள் எல்லாம் கலங்களால் ஆனவை. நெருப்பிற் கலங்கள் இல்லை.

நெல்மணி அசைவதில்லை, வளர்வதுமில்லை. ஆனால் அதனுள்ளே முளையமும் அதற்கு வேண்டிய உணவும் இருக்கின்றன. அது மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. ஈரமும் வெப்பமும் கூடினால் சுவாசம் விரைவுபடும், சேமித்த உணவு குறையும், பூஞ்சணம் பிடிக்கும், முளையம் இறக்கும். நன்கு உலர்ந்த விதை நெடுநாள் வாழும். இஸ்ரேலின் மசாடா என்னும் வறண்ட இடத்தில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழைமையான பேரீச்சம் விதையொன்று 2005 இல் நடப்பட்டு முளைத்தது.

ஆராய்ந்து அறிதல்

அழுகும் இறைச்சியிற் புழுக்கள் தாமாகவே தோன்றும் என ஒரு காலத்தில் மக்கள் நம்பினர். இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி இதைச் சோதித்து 1668 இல் வெளியிட்டார். சில பாத்திரங்களில் இறைச்சியை இட்டுத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். ஈக்கள் வந்தமர்ந்த இறைச்சியில் மட்டுமே புழுக்கள் தோன்றின. பயற்றில் வண்டு தானாக உண்டாவதில்லை என்பதும் இதே பாடந்தான். தாய்வண்டு இட்ட முட்டையிலிருந்தே அது வருகிறது.

அவதானித்தல், கேள்வி எழுப்புதல், கருதுகோள் கொள்ளல், பரிசோதித்தல், முடிவு காணல் என்பன விஞ்ஞான முறையின் படிகள். நாமும் செய்து பார்ப்போம். ஒரு தேக்கரண்டி நெல் போதும்.

1. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் நெல் எடுத்துக் கலந்து, நல்லது கெட்டது பாராமல் 100 மணிகளை எண்ணுங்கள்.

2. ஒரு நாள் ஊறவிட்டு, ஈரச் சாக்குத்துண்டிற் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஈரம் காயவிட வேண்டாம்.

3. நன்கு முளைக்கும் எனத் தெரிந்த அயலவர் நெல்லில் 100 மணிகளையும் அவ்வாறே வையுங்கள். அதுவும் முளைக்காவிட்டால் பிழை நெல்லில் அன்று, நாம் செய்த முறையில் இருக்கலாம்.

4. ஏழாம் நாள், வேரும் முளையும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். ஐயம் இருந்தால் மீண்டும் செய்யுங்கள்.

முடிவு

எண்பது முளைத்தால், ஏக்கருக்கு இரண்டு புசல் விதைப்பவர் இரண்டரைப் புசல் விதைக்கலாம். ஐம்பதுதான் முளைத்தால் இரட்டிப்பாக விதைத்துச் சரிக்கட்ட எண்ணாதீர்கள். முளைத்தவையும் பெரும்பாலும் நலிந்தே இருக்கும். வேறு விதை தேடுவதே நல்லது.

ஒன்றும் முளைக்காவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். அண்மையில் அறுத்த நெல்லாயின் அது உறங்குநிலையில் இருக்கலாம். சில கிழமைகள் கழித்து மறுபடி சோதியுங்கள். பழைய நெல்லாயின் உயிர் போயிருக்கும். ஆனால் மருந்து கலந்த அல்லது பூஞ்சணம் பிடித்த விதையை உணவாக்கவே கூடாது.

கலந்துரையாடுவோம்

1. முளைக்காத விதை எல்லாம் இறந்த விதையா?

2. அயலவர் நெல்லையும் சேர்த்துச் சோதித்தது ஏன்?

3. நம் கொட்டில்களில் விதையை ஈரம்படாமல் வைக்க எவ்விடம் ஏற்றது?