அயிரை மீன்: பிடித்தலும், சுத்தம் செய்தலும், சமைத்தலும்

நம் கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் மீன்களுள் அயிரை உருவில் மிகச் சிறியது. ஆயினும் மதுரை, சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் கெண்டைக்கும் விராலுக்கும் இல்லாத மதிப்பு இதற்கு உண்டு. விருந்தினர் வந்தால் அயிரைக் குழம்பு வைப்பதைப் பெருமையாகக் கருதும் குடும்பங்கள் பல. சங்கப் புலவர்களும் இம்மீனை அறிந்திருந்தனர். நாரைக்கு உரிய நல்ல இரையாக அயிரை குறுந்தொகையில் பேசப்படுகிறது.

பிற மீன்களிலிருந்து இதனை வேறுபடுத்தும் செய்தி ஒன்று உண்டு. கெண்டையையோ கெளுத்தியையோ அறுத்துக் குடலை நீக்கிய பின்னரே சமைக்கிறோம். அயிரையை அவ்வாறு செய்வதில்லை. தலை, முள், குடல் ஆகிய அனைத்துடனும் முழு மீனாகவே அது குழம்பில் இடப்படுகிறது. ஆகவே அயிரை எதனை உண்டதோ அதன் மிச்சமும் நம் வயிற்றுக்குள் செல்ல இடமுண்டு. இம்மீனைச் சுத்தம் செய்யும் வேலை அடுப்பங்கரையில் தொடங்குவதில்லை. அது வாழும் கண்மாயிலேயே தொடங்குகிறது. இக்கருத்தை மனத்திற்கொண்டு இப்பாடத்தைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

மீனின் இயல்பு

அயிரை பெரும்பாலும் நம் விரல் நீளத்திற்கு மேல் வளர்வதில்லை. உடல் மெலிந்து உருண்டு, மணல் நிறத்தில் கரும் புள்ளிகளுடன் இருக்கும். வாயைச் சுற்றிச் சிறு மீசைகள் உண்டு. கண்ணுக்குக் கீழே கூரிய சிறு முள் ஒன்று மறைந்திருக்கும். ஆபத்து நேரும்போது மீன் அதனை வெளியே நீட்டும். மணலையும் சேற்றையும் துளைத்துக்கொண்டு உள்ளே புதைவது இதன் வழக்கம். அடிமண்ணில் உள்ள நுண்ணுயிர்களையும் சிறு புழுக்களையும் தின்று வாழ்வதால் இதன் குடலில் மண் கலந்திருக்கும்.

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் 'லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்' என்பதாகும். 1846ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வலென்சியன், இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனைக் கொண்டு இதனை விவரித்தார். வெந்நீரைக் குறிக்கும் சொல் இதன் பெயரில் அமைந்தது அக்காரணத்தாலேயே.

நீரில் பிராணவாயு குறையும்போது, இவ்வின மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியே அதனைப் பெற்றுக்கொள்ள வல்லவை. சிறிதளவு நீருள்ள பானையில் அயிரையை உயிருடன் சந்தைக்குக் கொண்டுவர முடிவது இதனால்தான்.

பிடிக்கும் முறை

ஆழமான நீரில் அயிரையைத் தேடுவது வீண். மடைவாய், கலுங்கு, வாய்க்கால், வயலின் நீர்போக்கி ஆகிய ஆழமற்ற மணற்பாங்கான இடங்களே இதன் உறைவிடம். மழைக்காலத்தில் புதுநீர் பெருகும்போது இம்மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். அப்போது வாய்க்காலின் குறுக்கே மூங்கில் பறியை வைத்துப் பிடிப்பார்கள். நீர் வற்றும் காலத்தில் கூடையால் மணலோடு சேர்த்து வாரி, நீரில் அலசி, மணல் கரைந்தபின் தங்கும் மீனைப் பொறுக்கிக்கொள்வார்கள்.

இங்கே இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவதாக, மழை தொடங்கிப் புதுநீர் வரும் நாட்களே இம்மீன் முட்டையிடும் நாட்கள். வயிறு பருத்த தாய் மீன்கள் அப்போது மிகுதியாக அகப்படும். அவற்றையும் சிறு குஞ்சுகளையும் நீரிலேயே விட்டுவிட வேண்டும். மீன் உயிருடன் இருப்பதால் இதனைச் செய்வது எளிது. இரண்டாவதாக, வாய்க்காலின் முழு அகலத்தையும் பறியால் அடைக்கலாகாது. ஒரு பகுதியையேனும் திறந்து வைத்தால்தான் அடுத்த ஆண்டும் நமக்கு மீன் கிடைக்கும்.

சுத்தம் செய்யும் முறை

அயிரையை உயிருடன் மட்டுமே வாங்க வேண்டும். குடல் நீக்கப்படாத மீனாதலால் செத்தபின் விரைவில் கெட்டுப்போகும்; குழம்பு கசக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மீனை அகன்ற பாத்திரத்தில் தெளிந்த நீரில் விட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். இரையின்றி நல்ல நீரில் கிடக்கும் மீன், குடலிலுள்ள மண்ணைத் தானே வெளியேற்றிவிடும். இந்நீரில் சிறிது பாலோ மோரோ கலப்பது மதுரைப் பக்கத்து வழக்கம். அவ்வாறு கலப்பதில் குற்றமில்லை. ஆயினும் மண்ணை நீக்குவதில் தெளிந்த நீரும் பொறுமையுமே முதன்மையானவை. பாலுக்கு வசதியில்லாத வீட்டாரும் இரண்டு மூன்று மணி நேரம் நீரை மாற்றிவந்தால் போதும்.

மண் நீங்கியபின் மீனைப் பனிக்கட்டி கலந்த நீரில் இட்டால் அது விரைவில் அசைவற்றுப் போகும். பனிக்கட்டி கிடைக்காத இடங்களில் கல்லுப்பைத் தூவி உடனே மூடிவிடுவர். மூடத் தவறினால் மீன்கள் துள்ளி வெளியே விழும். பிறகு உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் மீனை இட்டு, கல்லுப்புச் சேர்த்து, உள்ளங்கையால் மெதுவாக வட்டமாக உரச வேண்டும். உடலின் மேலுள்ள வழுவழுப்பு நுரையாக வெளிவரும். கண்ணடி முள் விரலில் குத்தக்கூடுமாதலால் அழுத்தித் தேய்க்கலாகாது. நுரை நின்று, கழுவிய நீர் தெளியும் வரை நான்கைந்து முறை அலச வேண்டும்.

சமைக்கும் முறை

அரைக் கிலோ மீனுக்குச் சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி 2, எலுமிச்சையளவு புளி, அரைமூடித் தேங்காய், பூண்டு 10 பல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சீரகம், வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய், உப்பு ஆகியவை வேண்டும்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளியைச் சேர்த்துக் குழைய விட வேண்டும். தூள்களைப் போட்டுச் சிறிது வதக்கிப் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போனபின் சீரகத்துடன் அரைத்த தேங்காயைச் சேர்க்க வேண்டும். குழம்பு கெட்டியாகி எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் மீனை இட வேண்டும். அதன்பின் கரண்டியால் கிளறலாகாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து அசைத்துவிட்டால் போதும். இளந்தீயில் ஏழெட்டு நிமிடங்களில் மீன் வெந்துவிடும். இறக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறினால் புளியும் காரமும் மீனில் நன்கு இறங்கியிருக்கும்.

முள்ளோடு மென்று தின்னக்கூடிய மீனாதலால், எலும்புக்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து இதன் வழியே நமக்குக் கிடைக்கிறது.

கண்மாயைக் காத்தல்

இவ்வளவு பக்குவமும் நல்ல நீரில் வளர்ந்த மீனுக்கே பொருந்தும். மண்ணை நீர் வெளியேற்றும். நஞ்சைப் பாலும் உப்பும் வெளியேற்றா. பூச்சிமருந்து கலந்த நீரில் வளர்ந்த அயிரையை எத்தனை முறை உரசினாலும் அதன் உடலில் ஏறிய நஞ்சு போகாது.

ஆகவே விவசாயிகள் மருந்து தெளித்த வயலின் நீரைச் சில நாட்களேனும் வாய்க்காலுக்கு வடியவிடலாகாது. தெளிப்பானையும் மருந்துக் குப்பிகளையும் மடையிலோ ஊருணியிலோ கழுவுதல் பெருந்தீங்கு. அந்நீரையே மாடுகள் குடிக்கின்றன. நம் குழந்தைகள் குளிக்கின்றன.

நஞ்சு கலந்து மீன்பிடிக்கும் கொடிய வழக்கத்தை ஊரார் ஒருமனதாக எதிர்க்க வேண்டும். நீரில் நஞ்சிடுவதையும் வெடி வைப்பதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிற்று. குடல் நீக்காமல் உண்ணும் அயிரையின் பொருட்டு இதில் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கன சில உள. ஊர்க் கழிவுநீர் ஊருணியிலும் கண்மாயிலும் கலக்காதபடி திருப்பிவிடலாம். தம் பொறுப்பிலுள்ள நீர்நிலைகளுக்கு மீன்பாசி ஏலம் விடும்போது, நஞ்சும் கொசுவலையும் பயன்படுத்தலாகாது, நீரை அடிவரை இறைத்து வற்றவைக்கலாகாது என்பவற்றை ஏல நிபந்தனைகளில் எழுதிச் சேர்க்கலாம். வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை நீரில் விடுவதையும் தடுக்க வேண்டும். அது கிடைத்ததையெல்லாம் விழுங்கும் மீன். ஒருமுறை புகுந்துவிட்டால் நாட்டு மீன்கள் தலையெடுப்பது கடினம். கோடையில் ஊர்கூடி மீன்பிடிக்கும் திருவிழா நடைபெறும் கண்மாய்களில், மடையருகே ஒரு பள்ளத்தையேனும் வலைபடாமல் விட்டுவைப்பது விதைநெல்லைக் காப்பதற்கு ஒப்பாகும்.

அயிரைக்கு நாம் குஞ்சு வாங்கி விடவேண்டியதில்லை. தீனி போட வேண்டியதில்லை. நல்ல நீரும், சிறிது மணலும், இனம் பெருகுவதற்கு இடைவெளியும் கொடுத்தால் போதும். தம் ஊர் வாய்க்காலில் அயிரை இன்னும் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பஞ்சாயத்தும் இம்மழைக்காலத்தில் பார்த்தறிதல் நலம். இருக்குமாயின் அதனைப் போற்றிக் காக்க வேண்டும். இல்லையாயின் அது ஏன் மறைந்தது என்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வினவ வேண்டும்.