நீதிபதியை அமர்த்துவது யார்? நீக்குவது யார்?

தொடர்கல்வி மையத்தில் மாலை வகுப்பு. பாட்டி ஒருவர் செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"ஏன் டீச்சர், பஞ்சாயத்துத் தலைவர் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் இறக்கிவிடுகிறோம். மந்திரியையும் இறக்குகிறோம். ஜட்ஜுக்கு மட்டும் ஏன் ஓட்டு இல்லை?"

பாட்டி சும்மா கேட்கவில்லை. அவருடைய அரை ஏக்கர் நிலம் வழக்கில் இருக்கிறது. எதிராளி ஊரில் பாதிப் பேருக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவர்.

"சரி பாட்டி, ஜட்ஜுக்கு ஓட்டு வைத்தால் உங்கள் ஊரில் யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டார் ஆசிரியை.

"வேறு யார்? அந்த ஆளுடைய மச்சான்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார்.

நம் நாட்டில் நீதிபதிகளுக்குத் தேர்தல் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உண்டு. நம் நாட்டிலும் பீகாரில் ஒரு புதுமை இருக்கிறது. அங்கே கிராமக் கச்சேரி என்று ஒரு மன்றம் உண்டு. அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சிறு தகராறுகளைத் தீர்த்து வைக்கும். சிறிய அபராதம் போடலாம். யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது.

மற்ற நீதிபதிகள் எப்படி வருகிறார்கள்?

முதலில் கீழ் நீதிமன்றம். பாட்டியின் வழக்கு நடப்பது அங்கேதான். சட்டம் படித்தவர்கள் தேர்வு எழுதி நீதிபதி ஆகிறார்கள். மாவட்ட நீதிபதியை ஆளுநர் நியமிக்கிறார். அதற்கு உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொள்ள வேண்டும். கீழ் நீதிபதிகள் எல்லோரும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். தவறு செய்தால் விசாரிப்பதும் உயர் நீதிமன்றமே. கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ அவர்களைத் தொட முடியாது.

உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நீதிபதிகளை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆனால் பெயரை யார் சொல்வது? சண்டை எல்லாம் இதில்தான்.

முன்பு அரசின் கையே ஓங்கியிருந்தது. அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் பலரை விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் விடுதலை கேட்டு நீதிமன்றம் போகலாமா என்பது கேள்வி. 1976இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேர் அதை விசாரித்தார்கள். போக முடியாது என்று நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த தலைமை நீதிபதியாக வர வேண்டியவர் அவர்தான். 1977இல் அரசு அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கியது. கன்னா பதவி விலகினார்.

1993இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நியமனத்தில் நீதிபதிகளின் கருத்துக்கே முதலிடம் என்றது. அதிலிருந்து வந்த குழுதான் கொலீஜியம். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நான்கு பேரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அதே பெயர் மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும். 2014இல் இதை மாற்றப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான்.

உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் ஓய்வு பெறுகிறார். உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார்.

"அதற்குள் தப்புப் பண்ணினால்?" பாட்டி விடவில்லை.

நீக்கலாம். ஆனால் வழி நீளமானது. மக்களவையில் 100 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது மாநிலங்களவையில் 50 பேர் போட வேண்டும். அவைத் தலைவர் அதை ஏற்றால் மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும். குற்றம் உண்மை என்று குழு சொன்னால் இரண்டு அவைகளும் வாக்களிக்கும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதன் பிறகே குடியரசுத் தலைவர் நீக்குவார்.

1993இல் வி. ராமசாமி என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி மீது இந்த நடவடிக்கை வந்தது. முன்பு அவர் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். அப்போது தம் அரசு வீட்டுக்கு மக்கள் பணத்தை அளவில்லாமல் செலவு செய்தார் என்பது புகார். பல குற்றங்கள் உண்மை என்று குழு சொன்னது. மக்களவையில் 196 பேர் நீக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். எதிராக ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆளும் கட்சியையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சேர்ந்த 205 பேர் அவையில் இருந்தும் வாக்களிக்கவில்லை. 196 போதவில்லை. 1994இல் ஓய்வு பெறும் வரை அவர் பதவியில் இருந்தார்.

2011இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க மாநிலங்களவை வாக்களித்தது. மக்களவைக்கு வருவதற்கு முன்பே அவர் பதவி விலகிவிட்டார். 1950 முதல் 2024 முடிய, பாராளுமன்றம் நீக்கிய நீதிபதி ஒருவர்கூட இல்லை.

"இது என்ன நியாயம்?" என்றார் பாட்டி.

"உங்கள் வழக்கு நாளைக்கு அரசுக்கு எதிராக இருந்தால், பாட்டி? நினைத்தவுடன் நீக்கலாம் என்றால் ஜட்ஜ் அரசைப் பார்த்துப் பயப்படுவார். உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதற்காகக் கட்டிய சுவர் இது. அந்தச் சுவருக்குள் தப்புப் பண்ணியவரும் ஒளிந்துகொள்கிறார். அதுதான் குறை."

பாட்டி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் என்ன செய்வது?" என்றார்.

தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று தக்க காரணம் இருந்தால், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கீழ் நீதிபதி லஞ்சம் வாங்கினார் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

"வக்கீலுக்குப் பணம்?"

பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குழந்தைகள் ஆகியோருக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

"மனுவை யார் எழுதுவது?"

"நீங்கள்தான் பாட்டி. இப்போது எழுதத் தெரியுமே!"

பாட்டி நோட்டைத் திறந்தார். "ஆணைக்குழு... எந்த 'ணை' டீச்சர்?" என்று கேட்டார்.