உயர்நுண்மைத் திரைக்கேற்ற கிராபிக்ஸ் கார்டைத் தெரிந்தெடுத்தல்

கணினியில் விளையாடும் மாணவர் சிலர் ஓரிடத்துக் கூடுவராயின், "எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்னும் வினா எழாமற் போவதில்லை. வினா சிறிது, ஆயின் விடை கூறப் புகுவார் பெரும்பாலும் விலையையாவது, பெயருக்குப் பின் நிற்கும் எண்ணையாவது சுட்டி அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். நல்ல கார்டு ஒன்றின் விலை பல மாதச் செலவை விழுங்கத்தக்கதாதலின், அதனை வாங்குமுன் அறிய வேண்டுவனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் திரையைக் கவனிப்போம். திரையிற் காணும் உருவம் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. 1920க்கு 1080 என்னும் அளவினதாகிய திரையில் 20,73,600 பிக்சல்கள் உள; 2560க்கு 1440 என்பதில் 36,86,400; 4கே என வழங்கும் 3840க்கு 2160 என்பதில் 82,94,400. நீளமும் அகலமும் இருமடங்காயின் பரப்பு நான்கு மடங்காதல் பள்ளிக் கணக்கே எனினும், 4கே திரை வாங்குவோருட் பலர் வேலையும் இருமடங்கே என்று எண்ணி ஏமாறுகின்றனர். விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின் அத்திரைக்கு ஏறக்குறைய 50 கோடிப் பிக்சல்களின் நிறத்தைக் கார்டானது விநாடிதோறும் கணித்தல் வேண்டும். பிரேம் எனப்படும் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்டே, விநாடிக்கு 120 வேண்டுவார்க்கு அதுவும் பாதியாகி 8.3 ஆகும்.

இனி, குறை கார்டினிடத்ததா பிராசசரினிடத்ததா என்று அறியாமற் பணத்தை எடுத்தல் தகாது. விளையாட்டில் வரும் மாந்தர் எங்கே நடக்கின்றனர், எறிந்த பொருள் எங்கே விழுகின்றது என்பன போன்றவற்றைக் கணிப்பது பிராசசர்; அக்கணக்கு திரையின் பிக்சல் தொகையைப் பெரும்பாலும் பொறுத்ததன்று. கணித்தவற்றை உருவமாகத் தீட்டுவதே கார்டின் தொழில். ஆதலின் பரீட்சை மிக எளிது. விளையாட்டின் அமைப்புப் பகுதியிற் சென்று திரையளவை 4கேயிலிருந்து 1080க்குக் குறைத்துப் பார்க்க. பிரேம் எண்ணிக்கை தாவி ஏறுமாயின் இடையூறு கார்டே. ஏறாது நின்ற இடத்திலேயே நிற்குமாயின், எத்துணை விலையுயர்ந்த கார்டை வாங்கினும் பயன் சிறிதே. 4கேயிற் சுமை பெரும்பாலும் கார்டின்மேலேயே விழுவதால், நடுத்தரமான பிராசசரை வைத்துக்கொண்டே கார்டை மட்டும் மாற்றுதல் பலர்க்குப் போதியதாகும். இஃது ஏழை மாணவர்க்கு நற்செய்தி.

ஒருவர் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் என்னும் கார்டும், 450 வாட் பவர் சப்ளையும் உடையவராய், புதிதாக ஒரு 4கே மானிட்டரும் வாங்கியிருப்பதாகக் கொள்வோம். அக்கார்டு 6 ஜி.பி. நினைவகம் உடையது, 1080 அளவில் நன்றாகவே பணி செய்தது. 4கேயிலோ புதிய விளையாட்டுக்கள் தள்ளாடுகின்றன. அவர் யாது செய்வது?

அவர் முதலில் நோக்க வேண்டுவது நினைவகத்தின் அளவை. சுவரின் கல், மரத்தின் பட்டை, ஆடையின் நெசவு முதலியவற்றைக் காட்டும் படங்களெல்லாம் கார்டின் சொந்த நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அங்கே இடம் போதாதாயின், மிகுந்தவை கணினியின் பொது நினைவகத்திற்குத் தள்ளப்பட்டு, வேண்டும்பொழுதெல்லாம் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் வழியாக வரவேண்டும். அவ்வழியின் நான்காம் தலைமுறையில், 16 தடங்களும் திறந்திருந்தாலும், விநாடிக்குச் சுமார் 32 ஜி.பி.தான் செல்லும், கார்டின் சொந்த நினைவகமோ விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஜி.பி. தர வல்லது. களஞ்சியம் வீட்டினுள்ளே இருப்பதற்கும் அடுத்த ஊரில் இருப்பதற்கும் உள்ள வேற்றுமை இது. அதனால் உருவம் இடையிடையே விக்கி நிற்கும். சராசரிக் கணக்கில் அவ்விக்கல் தோன்றாது, கண்ணுக்கே தோன்றும். 4கேயில் விளையாட விழைவார் 16 ஜி.பி.க்குக் குறைந்ததைப் புதிதாக வாங்காதிருத்தலே நலம் என்பது நம் அபிப்பிராயம்.

நினைவகத்தின் வேகமும் கருதத்தக்கது. மேற்கூறிய பழைய 1660 சூப்பரின் வேகம் விநாடிக்கு 336 ஜி.பி.; 2023இல் 399 டாலருக்கு வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ.யின் வேகமோ 288தான்! புதியது பழையதினும் குறைந்திருத்தல் வியப்பேயாயினும், அதனுள் அமைந்த 32 எம்.பி. கேஷ் என்னும் சிறு நினைவகம் அக்குறையை ஒருவாறு ஈடுசெய்கின்றது. திரை பெரிதாகப் பெரிதாக அக்கேஷினுள் அடங்கும் பங்கு குறைந்து, ஈடும் குறைகின்றது. 1080க்கென இயற்றிய கார்டை 4கேக்குக் கொணர்தல் ஏன் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

பெயர்களைக் கண்டு மயங்கலாகாது. அதே 4060 டி.ஐ. என்னும் பெயரில் 8 ஜி.பி. உடையதும் 16 ஜி.பி. உடையதும் விற்கப்பட்டன, 2025இல் வந்த 5060 டி.ஐ.யும் அவ்வாறே. 2022 செப்டம்பரில் என்விடியா கம்பெனியார் ஆர்.டி.எக்ஸ். 4080 என்னும் ஒரே பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என இரண்டினை அறிவித்தனர். அவை நினைவகத்தில் மட்டுமன்றிக் கணிக்கும் சில்லிலேயே வேறுபட்டவை. கண்டனம் மிகவே, அடுத்த மாதமே சிறியதனை விலக்கிக்கொண்டு, 2023 ஜனவரியில் 4070 டி.ஐ. என வேறு பெயரிட்டு விற்றனர். ஆகலின் கடைக்காரர் பெயரைச் சொல்லுமிடத்து, நினைவகம் எவ்வளவு என்று உடனே கேட்க.

நம் நண்பருக்கு ஏற்றவை எவை? 2025இல் வெளிவந்தவற்றுள் ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி., என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. என்னும் இரண்டும் 16 ஜி.பி. உடையன. வெளியீட்டு விலை முன்னதற்கு 599 டாலர், பின்னதற்கு 749. சந்தை விலை இவற்றின் வேறாய் ஏறியும் இறங்கியும் வருமாதலின் வாங்கும் நாளில் ஒத்துப் பார்த்தல் வேண்டும். சாதாரண விளையாட்டுக்களில் இரண்டும் நெருங்கியே செல்லும். ஒளிக்கதிரின் வழியைப் பின்பற்றி நிழலும் பிரதிபிம்பமும் தீட்டும் ரே டிரேசிங் முறையிற் பின்னது மேம்படும். அம்முறையைப் பெரிதும் வேண்டாதவர் முன்னதை வாங்கி மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். 575 வாட் மின்சாரம் கொள்ளும் 5090ஐப் பற்றி மாணவர் பேசலாம், வாங்க வேண்டுவதில்லை.

உருப்பெருக்கும் வித்தையும் ஒன்று உண்டு. என்விடியா டி.எல்.எஸ்.எஸ். என்றும் ஏ.எம்.டி. எஃப்.எஸ்.ஆர். என்றும் வழங்கும் இம்முறையில், கார்டு 1440 அளவிலேயே உருவத்தைத் தீட்டி, முந்திய பிரேம்களின் துணைகொண்டு அதனை 4கே ஆக நிரப்புகின்றது. தீட்ட வேண்டிய பிக்சல் பாதிக்குங் குறைந்துவிடுவதால் வேகம் மிகும். தெளிவோ பெரிதும் கெடுவதில்லை. இதனை நாம் தயக்கமின்றி ஏற்கின்றோம். ஆனால், இரு பிரேம்களுக்கு நடுவே பொய்ப் பிரேம்களைப் புகுத்தும் பிரேம் ஜெனரேஷன் என்பது வேறு. அஃது எண்ணிக்கையை உயர்த்துமேயன்றி, விசையை அழுத்தியதும் விளைவு தோன்றும் விரைவை உயர்த்தாது. சிறிது தாமதமும் சேர்க்கும். விளம்பரத்தில் வரும் பெரிய எண்கள் பல இதனால் வந்தவை.

பவர் சப்ளையை மறந்து கார்டு வாங்குவோர் பலர். நண்பரின் பழைய கார்டு 125 வாட் கொண்டது. புதியவை 300 வாட் அளவின. இரண்டிற்கும் 750 வாட் பவர் சப்ளையே கம்பெனியார் கூறுவது. ஆகவே அதன் விலையையும் முதலிலேயே கூட்டிக்கொள்க. மதர்போர்டின் பள்ளத்தினின்று 75 வாட்டே கிடைக்கும். எஞ்சியது கேபிள் வழியே வரவேண்டும். 5070 டி.ஐ. போன்றவற்றிலுள்ள 16 முள் இணைப்பை முழுதும் உட்செல்ல அழுத்துதல் இன்றியமையாதது. 2022இல் 4090 வெளிவந்தபொழுது சரியாகப் பொருந்தாத இணைப்புகள் உருகியதாகச் செய்திகள் வந்தன. அன்றியும், 300 வாட்டும் முடிவில் அறையினுள் உஷ்ணமாகவே வெளிப்படுமாதலின், சித்திரை மாதத்தில் ஜன்னலில்லாத அறையில் விளையாடுவார்க்கு அது தானே விளங்கும். கேபினெட்டின் உள்நீளத்தையும் அளந்து பார்க்க. 300 மில்லிமீட்டரைக் கடந்த கார்டுகள் பல உள.

இவ்வளவும் கூட்டிப் பார்க்குமிடத்துப் பணம் எட்டாதாயின், மானிட்டர் வாங்குமுன்பே 1440 திரையைத் தெரிந்துகொள்வது அறிவுடைமை. 4கேயின் பிக்சல்களில் நூற்றுக்கு 44 பங்கே அதிலுளதாதலின், குறைந்த விலைக் கார்டும் அதனை எளிதில் நடத்தும்.

கார்டைப் பொருத்தியபின் மானிட்டரின் கேபிளைக் கார்டிலேயே செருக வேண்டும். மதர்போர்டிலும் அதே வடிவான துளை இருத்தலால் அதிற் செருகிவிட்டு, புதிய கார்டு வேலை செய்யவில்லையென்று கடைக்குத் திரும்புவோர் உளர். பின்னர் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பிற்சென்று விநாடிக்கு எத்தனை முறை திரை புதுக்கப்படுகின்றது என்பதையும் பார்க்க. 120 இயலும் மானிட்டர் 60இலேயே நின்றிருத்தல் கூடும்.