ஒளியிழையில் பழுது காணும் முறை

பாரத்நெட் திட்டம், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க வகுக்கப்பட்டது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக விளங்கிய இராமசாமி ரெட்டியாரின் ஊராகிய ஓமந்தூர் போன்ற சிற்றூர்களில், இவ்விழை அறுந்தால் இணையவழிப் பட்டா நகலும் வரி ரசீதும் தடைபடும். ஆகவே பழுதறியும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

முதலில், அலுவலகக் கருவிக்கு மின்சாரம் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒளியிழப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இணைப்பு முனையில் படிந்த தூசியும் இதற்குக் காரணமாகலாம். பணியாளர் அதனைத் துடைத்துவிட்டு, ஒளி அளவியால் அளந்து பார்ப்பார். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாயிற்று எனக் கொள்க.

இழை அறுந்திருப்பின் ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி துணைபுரியும். அது ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 30 மைக்ரோ நொடியில் திரும்பினால் போக வர 6 கிலோமீட்டர். பழுது 3 கிலோமீட்டரில் உள்ளது. வழியில் உபரி இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்குமாதலால், சாலைத் தொலைவு இதனினும் குறையலாம்.

இழை முனையை உற்று நோக்கலாகாது. புலப்படாத அவ்வொளி விழிக்குக் கேடு செய்யக்கூடும். வாய்க்கால் தோண்டுமுன் இழை செல்லும் தடத்தைக் கேட்டறிந்தால், பல பழுதுகள் நேராமலே காக்கலாம்.