சேர்ந்த கல்லூரியை விட்டு விலகுகிறீர்களா?

கட்டணம் கட்டிய பிறகு வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததா? அது உறுதியானதும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு பணம் திரும்பும் என்பது தேதியைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் கிடைக்கும்; நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அப்புறம் 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசி நாள் போய் 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. (சில ஆண்டுகளில் கூடுதல் சலுகை வரும், இந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.)

போனில் சொன்னது கணக்கில் வராது. விலகல் கடிதத்தின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். அசல் மதிப்பெண் பட்டியல், டி.சி.யைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. உங்களை அலைக்கழித்தால் தயங்காமல் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுங்கள்.